வெற்றிடப் பொதியிடல்: வீட்டில் உணவையும் நீர்ம உணவையும் சேமித்தல்

வெற்றிடப் பொதியிடல் என்பது, உணவை நெகிழிப் பையில் இட்டு, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றி, பையின் வாயைச் சூட்டினால் ஒட்டி மூடும் முறையாகும். கடைகளில் இதை ‘வேக்குவம் பேக்கிங்’ என்றே கேட்கிறார்கள். வீட்டுக்கு வாங்கும் சிறு கருவிக்கு ‘வேக்குவம் சீலர்’ என்று பெயர். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பருப்புப்பொடியும் வடகமும் கட்டிக் கொடுக்கும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வீடுகளில் இக்கருவி இப்போது சாதாரணமாகக் காணப்படுகிறது.

இக்கருவி காற்றை மட்டுமே எடுக்கிறது. உணவில் உள்ள ஈரத்தை எடுப்பதில்லை, கிருமிகளைக் கொல்வதுமில்லை. இதைப் புரிந்துகொண்டால் எந்தப் பண்டத்தை அலமாரியில் வைக்கலாம், எதைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், எதைப் பொதியவே கூடாது என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம். ‘பையில் போட்டு அடைத்துவிட்டால் ஆறு மாதம் கெடாது’ என்று விற்பனையாளர் சொல்வது, எந்தப் பண்டத்தை எந்த வெப்பநிலையில் வைப்பது என்று சொல்லாதவரை பொருளற்றது.

காற்றை எடுத்தால் நிகழ்வது

நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் ஏறக்குறைய 1 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் அழுத்துகிறது. பைக்குள்ளும் அதே அழுத்தம் இருப்பதால் அது நமக்குத் தெரிவதில்லை. சாதாரண வீட்டுக் கருவி, உள்ளே இருக்கும் அழுத்தத்தில் 60 முதல் 80 விழுக்காடு வரை குறைக்கும். 70 விழுக்காடு குறைந்ததாகக் கொள்வோம். 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் உள்ள பையின் ஒரு பக்கத்தின் பரப்பு 600 சதுர செ.மீ. ஆகவே அப்பக்கத்தின் மீது மட்டும் சுமார் 420 கிலோ எடை ஏறி நிற்பதற்கு ஒப்பான விசை செயல்படுகிறது. அரிசியும் பருப்பும் செங்கல்லைப் போல இறுகுவதும், முறுக்கும் அப்பளமும் நொறுங்கிப் போவதும் இதனால்தான். குரிக்கேயின் மக்டபர்க் அரைக்கோளங்களைப் பற்றி வகுப்பில் படித்தவர்களுக்கு இது அதே பாடம். குதிரைகளுக்குப் பதிலாக இங்கே பருப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. மிச்சமிருக்கும் சிறிதளவு காற்றிலும் ஆக்சிஜனின் விகிதம் அதே 21 விழுக்காடுதான். விகிதம் மாறவில்லை, மொத்த அளவு குறைந்திருக்கிறது. பை உணவோடு ஒட்டிப் படிந்துவிடுவதால் அந்த அளவு மிகச் சிறியதாகிறது. இதனால் மூன்று நன்மைகள் கிடைக்கின்றன. எண்ணெய்ப் பசையுள்ள பண்டங்களில் சிக்கு வாடை தாமதமாக வரும். பூஞ்சணம் ஆக்சிஜன் இன்றி வளர முடியாது. வண்டும் புழுவும் மூச்சுக்குக் காற்றின்றி முடங்கும்.

பையும் ஒரு காரணம். கருவிக்கென விற்கும் பைகள் இரண்டு அடுக்குகளால் ஆனவை. வெளியே உள்ள நைலான் அடுக்கு ஆக்சிஜனைத் தடுக்கிறது. உள்ளே உள்ள பாலித்தீன் அடுக்கு சூட்டில் உருகி ஒட்டுகிறது. மளிகைக் கடைப் பாலித்தீன் பை பார்வைக்கு அடைபட்டாற்போல் இருந்தாலும் அதன் சுவரின் வழியே ஆக்சிஜன் மெல்ல உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். காசை மிச்சப்படுத்த அதைப் பயன்படுத்துவதில் பயனில்லை.

ஒரு பழைய தவறான முடிவு

காற்றுதான் உணவைக் கெடுக்கிறது என்ற எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய் வணிகர், உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் இட்டு இறுக மூடிக் கொதிநீரில் வைத்துப் பாதுகாக்கும் முறையைக் கண்டறிந்து, 1810இல் அதை நூலாக வெளியிட்டார். அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அம்முறை ஏன் பலிக்கிறது என்பது அவருக்கே தெரியாது. வேதியியல் அறிஞர் கே-லுசாக் ஆராய்ந்து, புட்டியில் ஆக்சிஜன் இல்லாததே காரணம் என்று முடிவு சொன்னார். வெப்பம் கிருமிகளைக் கொன்றதே உண்மைக் காரணம் என்பது அரை நூற்றாண்டுக்குப் பின் லூயி பாஸ்டரின் ஆய்வுகளால்தான் தெளிவாயிற்று.

காற்றில்லாத இடத்தையே விரும்பி வளரும் கிருமிகளும் உண்டு என்பது பிறகு தெரியவந்தது. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் என்ற ஊரில், ஓர் இறுதிச் சடங்குக்கு வந்த இசைக்குழுவினர் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியைச் சமைக்காமல் உண்டனர். பலர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். அந்த இறைச்சியை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கம், இன்று கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று அழைக்கப்படும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அது உண்டாக்கும் நஞ்சால் வரும் நோய் பொட்டுலிசம் எனப்படுகிறது. இந்தியாவில் இது அரிது, ஆனால் இல்லாததன்று. 1996இல் குஜராத்தில் விடுதி மாணவர்கள் இந்நோய்க்கு ஆளானபோது, அவர்கள் உண்ட சேவுப் பலகாரம் காரணமாகக் கருதப்பட்டது. அங்கே அதே வகை நஞ்சை உண்டாக்கும் அதன் உறவினக் கிருமி கண்டறியப்பட்டது.

கே-லுசாக் கொண்டிருந்த எண்ணத்தையே இன்று கருவி வாங்குவோரில் பலரும் கொண்டிருக்கிறார்கள்.

நெல்லும் அரிசியும்

காவிரிப் படுகைக்குக் காற்றுப்புகாச் சேமிப்பு புதிதன்று. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறையில், பாலைவனநாதர் கோயிலை ஒட்டி, நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட அது 36 அடி உயரமும் 86 அடி சுற்றளவும் கொண்டது; 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். வீடுகளில் குதிரும் பத்தாயமும் இருந்தன. விதைநெல்லை வைக்கோற்புரியால் சுற்றிச் சாணமும் மண்ணும் பூசிக் கோட்டையாகக் கட்டி வைத்தார்கள். இவை முழுவதும் காற்றுப் புகாதவை என்று சொல்ல முடியாது. ஆனாலும் மூடிய இடத்தில் தானியமும் பூச்சியும் மூச்சு விடுவதால் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடும். அதனால் பூச்சி பெருகுவது தடைப்படும். பூச்சுக்கும் மூடிக்கும் அத்தனை கவனம் செலுத்தியதற்கு ஒரு காரணம் இது.

இதே கொள்கையில்தான் பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய ‘சூப்பர் பேக்’ என்ற காற்றுப்புகா உள்பையும், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1980களின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவின் கேமரூனில் தட்டைப்பயறு உழவர்களுக்காக உருவாக்கிய மூன்றடுக்குப் பையும் இயங்குகின்றன. உள்ளே ஆக்சிஜன் 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினால் பூச்சிகள் தீனியை நிறுத்தி மடிகின்றன. இவற்றுக்கு மின்சாரமோ கருவியோ தேவையில்லை. மூட்டைக் கணக்கில் நெல் வைத்திருப்பவருக்கு இந்தப் பைகளே ஏற்றவை. வீட்டுக் கருவி ஐந்து கிலோவுக்கு உட்பட்ட பொதிகளுக்கு உரியது.

நெல்லில் காற்றைவிட முதலில் பார்க்க வேண்டியது ஈரம். இதைப் படுகை மக்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதம் என்ற வரம்புக்காகச் சாலையிலேயே நெல்லைக் காயவைத்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதும் ஆண்டுகளில் இந்தத் துயரம் திரும்பத் திரும்ப வருகிறது. இப்படி நனைந்த நெல்லை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் தோன்றியது. அது நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்கு இடம் மாறி, இந்திய உணவு பதனத் தொழில்நுட்பக் கழகமாகி, இன்று நிஃப்டெம் என்ற பெயரில் புதுக்கோட்டைச் சாலையில் இயங்கும் தேசிய நிறுவனமாக விளங்குகிறது.

17 விழுக்காடு என்பது விற்பதற்கான வரம்பு, வைத்திருப்பதற்கானது அன்று. அரிசியை மாதக்கணக்கில் அடைத்து வைக்க 14 விழுக்காட்டுக்குள்ளும், விதையாக வைக்க 12 அல்லது 13க்குள்ளும் ஈரம் இருக்க வேண்டும். ஈரமான தானியத்தைக் காற்றின்றி அடைத்தால் புளித்த வாடை வரும். விதையாக இருந்தால் முளைப்புத்திறன் போய்விடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடாக இருந்தால் அரிசி தானாகவே 14 விழுக்காடு ஈரத்துக்கு வந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்று அதைவிட ஈரமாக இருப்பதால், சித்திரையில் நன்றாகக் காய்ந்த அரிசிகூடத் திறந்த டின்னில் மீண்டும் ஈரம் ஏற்கும். எனவே அடைக்க வேண்டியதை வெயிற்காலத்திலேயே காயவைத்து, ஆறவைத்து, அடைத்துவிடுவது நல்லது.

ஈரத்தை அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஓர் எளிய சோதனை செய்யலாம். மாணவர்களும் வகுப்பில் செய்து பார்க்கலாம். நன்றாக உலர்ந்த, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போட்டு, வாணலியில் வறுத்து ஆறவைத்த பொடியுப்பு இரண்டு மூன்று தேக்கரண்டி சேர்த்து மூடிக் குலுக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து உப்பு புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் தானியத்தின் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் என்று பொருள். ஒட்டாமல் உதிர்ந்தால் அடைக்கலாம்.

அரிசி வண்டு, மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுத் துளையை மூடிவிடும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் அரிசியிலும் முட்டை இருக்கலாம். பொதியில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் அது பொரிந்து பெருகும். ஆகவே சமையலுக்கான அரிசியை அடைத்த பின், உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து எடுப்பது கூடுதல் பாதுகாப்பு. எடுத்தவுடன் திறக்கக் கூடாது. குளிர்ந்த அரிசியின் மேல் காற்றின் ஈரம் நீராகப் படியும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளைச் சம்பா போன்ற தவிடு நீக்காத அரிசிக்கு ஒரு குறிப்பு. தவிட்டு எண்ணெய் இரண்டு வழிகளில் கெடுகிறது. ஆக்சிஜனால் வரும் கேட்டை வெற்றிடம் தடுக்கும். தவிட்டில் உள்ள நொதியால் வரும் கேட்டுக்கு ஆக்சிஜன் தேவையில்லை. அதை வெற்றிடம் தடுக்காது. நெல்லைப் புழுக்கும்போது அந்த நொதி செயலிழந்துவிடுவதால், சேமிக்க வாங்குவோர் பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியாக வாங்குவது மேல்.

விதைநெல்லுக்கு இக்கருவி நிச்சயம் உதவும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில், ஓர் உழவர் 2 கிலோ பாரம்பரிய விதை பெற்று, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும் வழக்கம் இருந்தது. 150க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டெடுத்த அவர் 2018 டிசம்பரில் காலமானார். இரண்டு கிலோ விதை என்பது வீட்டுக் கருவியின் ஒரு பைக்குச் சரியான அளவு. ரகத்தின் பெயர், அறுவடை மாதம், அடைத்த நாள் மூன்றையும் எழுதி, காய்ந்த நிழலான இடத்தில் வைத்தால் அடுத்த பட்டம்வரை முளைப்பு காக்கப்படும். விதையை உறைபெட்டியில் வைக்க வேண்டாம். ஈரம் சற்றுக் கூடியிருந்தாலும் கரு இறந்துவிடும்.

ஈர உணவுகள்

கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் மண்ணில் வாழ்வது. எனவே கிழங்கு, பூண்டு, காளான், மீன் எதிலும் அதன் வித்துகள் ஒட்டியிருக்கலாம். வித்து என்பது கடினமான உறைக்குள் உறங்கும் கிருமி. கொதிநீரில் சாகாது, 121 பாகை செல்சியசில் 3 நிமிடம் வைத்தால்தான் சாகும். அந்த வெப்பநிலையைத் திறந்த பாத்திரத்தில் எட்ட முடியாது. காற்றின்மை, ஈரம், புளிப்புக் குறைவு, வெதுவெதுப்பு ஆகிய நான்கும் சேர்ந்தால் வித்து விழித்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். கார அமிலக் குறியீடு 4.6க்கு மேல் இருந்தால் புளிப்புக் குறைவு என்று கொள்ள வேண்டும். சாம்பாரை ஆறவைத்துப் பையில் அடைத்து மேசைமேல் வைத்தால், இந்த நான்கையும் நாமே ஏற்பாடு செய்து கொடுத்ததாகும்.

இதில் ஏமாற்றம் தருவது ஒன்றுண்டு. திறந்து வைத்த குழம்பு கெட்டால் நாற்றமும் நுரையும் காட்டிக் கொடுக்கும். அந்த நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளில் பல காற்றை வேண்டுபவை. வெற்றிடம் அவற்றை அடக்கிவிடுவதால், பொதியில் உள்ள உணவு பார்வைக்கும் மூக்குக்கும் நன்றாக இருந்தே நஞ்சாக இருக்கக்கூடும். முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் நம் வீட்டு வழக்கம் இங்கே செல்லாது.

ஆகவே சமைத்த உணவு, நறுக்கிய காய், மீன், இறைச்சி, தேங்காய்த்துருவல், பனீர் எல்லாவற்றையும் அடைத்த பின்னும் குளிர்ப்பெட்டியில் 4 பாகைக்குக் கீழே வைத்துச் சில நாட்களில் தீர்க்க வேண்டும். அல்லது உறைபெட்டியில் மைனஸ் 18 பாகையில் வைக்க வேண்டும். இக்கிருமியின் ஒருவகை 3 பாகையிலும் மெல்ல வளரும் என்பதால் குளிர்ப்பெட்டியில் வாரக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. உறைபெட்டியில்தான் வெற்றிடப் பொதி தன் முழுப் பயனைத் தருகிறது. காற்றுப் படாததால் மீன் வெளுத்து உலர்ந்து போகாது. உறைந்த மீனைக் குளிர்ப்பெட்டியில் இளகவிடும்போது முதலில் பையைக் கத்தரித்துத் திறந்துவிட வேண்டும்.

பச்சைப் பூண்டையும் காளானையும் வெற்றிடத்தில் அடைக்கவே வேண்டாம். உரித்த பூண்டை எண்ணெயில் ஊறவைத்துப் பையிலடைத்து வெளியே வைப்பது இன்னும் ஆபத்து. வத்தக்குழம்பும் புளிக்காய்ச்சலும் புளிப்பாலும் உப்பாலும் ஓரளவு காப்புடையவை. ஆயினும் வீட்டுக்கு வீடு புளி அளவு மாறுவதால் அவற்றையும் குளிரில் வைப்பதே சரி. திருவையாற்று அசோகாவில் நெய்யும் சர்க்கரையும் இருந்தாலும் வெந்த பாசிப்பருப்பின் ஈரமும் உண்டு; அதற்கும் குளிர் வேண்டும்.

சோற்றுக்கு வேறொரு கிருமி உண்டு. அதன் பெயர் பேசில்லஸ் சீரியஸ். அதன் வித்தும் சமைக்கையில் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சூடான சோற்றை அப்படியே அடைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்து, சிறு பொதிகளாக்கி, உடனே குளிரில் வைக்க வேண்டும்.

உறைபெட்டியை நம்புவோர் மின்சாரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயலுக்குப் பின், பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. நிறைந்த உறைபெட்டி, கதவைத் திறக்காதிருந்தால், ஏறக்குறைய 48 மணி நேரம் குளிரைத் தாங்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். சாதாரணக் குளிர்ப்பெட்டி 4 மணி நேரம்தான். அதற்கு மேல் இளகி வெதுவெதுப்பான மீன், இறைச்சி, குழம்புப் பொதிகளை, பை இறுக்கமாகவே இருந்தாலும், சுவைத்துப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். உண்டுவிட்டவருக்குப் பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, இமை சரிந்தாலோ, நாக்குக் குழறினாலோ, விழுங்க முடியாமற்போனாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நீர்ம உணவுகள்

வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை பையின் வாயை மட்டும் கவ்விக் காற்றை உறிஞ்சுபவை. பையில் ரசம் இருந்தால் காற்றோடு ரசத்தையும் உறிஞ்சும். கருவிக்குள் நீர் போனால் பம்பு பழுதாகும். இதற்கு நல்ல வழி முதலில் உறையவைப்பது. சாம்பாரையோ தேங்காய்ப்பாலையோ ஒருவேளைக்கான அளவு டப்பாக்களில் ஊற்றி இரவு முழுவதும் உறையவைத்து, கட்டியாகத் தட்டி எடுத்துப் பையிலிட்டு அடைத்து, மீண்டும் உறைபெட்டியில் வைக்கலாம்.

உணவகங்களில் இருக்கும் பெட்டி வகைக் கருவியில் பை முழுவதும் ஓர் அறைக்குள் இருக்கும். பையின் உள்ளும் புறமும் அழுத்தம் ஒன்றாகவே குறைவதால் நீர்மம் வெளியே இழுக்கப்படாது. ஆனால் வேறு சிக்கல் வரும். அழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும். 20 பாகையில் உள்ள நீர் 23 மில்லிபார் அழுத்தத்தில் கொதிக்கும். 35 பாகையில் உள்ள நீர் 56 மில்லிபாரிலேயே கொதித்துவிடும். தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலில் அடுக்களையில் ஆறிய குழம்புகூட அந்த அறைக்குள் பொங்குவது இதனால்தான். அதைக் குளிர்ப்பெட்டியில் நன்றாகக் குளிரவைத்த பிறகே அடைக்க வேண்டும். இந்தக் கொதிப்பில் சூடு இல்லை. எனவே கிருமி சாகும் என்று எண்ண வேண்டாம்.

கண்ணாடிப் புட்டியின் மூடிவழியே காற்றை உறிஞ்சும் இணைப்புகளும் கிடைக்கின்றன. பருப்புக்கும் முந்திரிக்கும் அவை நன்று. அப்படி மூடிய புட்டிக் குழம்பு, ஆலைகளில் சூடேற்றி அடைக்கும் டப்பா உணவுக்கு நிகராகாது.

சில பண்டங்கள்

இட்லி மாவை அடைக்கக் கூடாது. புளிக்கும்போது வெளிவரும் வாயுவால் பை உப்பி வெடிக்கும். அன்று வறுத்த காப்பிக்கொட்டையும் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். கும்பகோணம் காப்பித்தூளை ஊருக்கு எடுத்துச் செல்வோர், வறுத்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அடைத்தால் பை உப்பாது. மிளகாய்த்தூள், சத்துமாவு போன்றவற்றின் துகள் வாய்ப்பகுதியில் படிந்தால் பை ஒட்டாது. பொடியின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, பையின் உள்விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு அடைக்க வேண்டும். மோர்மிளகாய்க் காம்பும் கருவாட்டு முள்ளும் பையைக் குத்தும். அவற்றைத் தாளில் சுற்றி வைக்கலாம். தாளிப்பு வடகத்தில் வெங்காயமும் பூண்டும் இருப்பதால், உருண்டையின் நடுவும் கல்லாகக் காய்ந்ததா என்று ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டே அடைக்க வேண்டும்.

அடைத்தவுடன் அலமாரிக்கு அனுப்பாமல் ஒருநாள் வெளியே வைத்துப் பார்ப்பது அரிசி, பருப்பு, வற்றல் போன்ற உலர்பண்டங்களுக்கு நல்ல பழக்கம். கசிவிருந்தால் மறுநாளுக்குள் பை தளர்ந்துவிடும். பச்சை மீனும் இறைச்சியும் வைத்த பையைக் கழுவி மறுபடி பயன்படுத்தக் கூடாது. பருப்பு வைத்த பையை வாய்ப்பகுதியைக் கத்தரித்துவிட்டு இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வோர் அந்நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில், எப்படி அடைத்திருந்தாலும், கொண்டுசெல்லும் உணவுப் பொருளை வருகை அட்டையில் தெரிவித்தாக வேண்டும்.